துணி டயப்பரில் படிந்த கறையை நீக்குவது எப்படி: சென்னைத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்ற வழிகாட்டி

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பெண் ஒரு டயப்பரைப் பிரித்துக் காட்டினாள். அவள் குழந்தைக்கு நான்கு மாதம். வெள்ளைத் துணியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். "மூணு தடவை துவைச்சுட்டேன்க்கா, போகவே மாட்டேங்குது. தூக்கிப் போட்டுடவா?" என்றாள். முதலில் எந்தத் தண்ணீரில் அலசினாய் என்று கேட்டேன். கிருமி போகட்டும் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டாளாம்.

என் மூத்தவனுக்கு நானும் அதையேதான் செய்தேன். அவன் பிறந்தது 2019 ஏப்ரலில். அந்தக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். மடிப்பாக்கத்தில் நாங்கள் லாரிக்காகக் காத்திருந்து, வாளிக் கணக்கில் எண்ணித் துவைத்த நாட்கள் அவை. ஒரு டயப்பரை மூன்று முறை துவைக்கத் தண்ணீரே கிடையாது. முதல் முறையே சரியாகச் செய்தாக வேண்டும் என்பதால்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது அடுத்துப் பிறந்த மகளுக்கும் அதே டயப்பர்கள்தான் ஓடுகின்றன.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதலில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் டிடர்ஜென்ட், கடைசியில் வெயில். சூடு எப்போதும் பின்னால்தான் வர வேண்டும். பெரும்பாலான கறைகள் இந்த வரிசை மாறியதால் நிலைத்துப் போனவை.

ஆரம்பிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கறை வேறு, அழுக்கு வேறு. நன்றாகத் துவைத்துக் காய்ந்த துணியை மூக்கருகே வைத்துப் பாருங்கள். வாடை எதுவும் இல்லை, தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சுகிறது என்றால் அது சுத்தமான துணி, நிறம் மட்டும் மிச்சம். குழந்தைக்குக் கட்டலாம். பளிச்சென்று வெள்ளையாக இருந்தும் ஈரம் பட்டவுடன் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், அதுதான் கவலைப்பட வேண்டிய துணி. "இவ்வளவு கறையோடயா கட்டுறே" என்று உறவினர் யாராவது கேட்டால் கூனிக்குறுக வேண்டாம்.

முதல் பத்து நிமிடம்

டயப்பரைக் கழற்றியதும் திட மலம் இருந்தால் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீராக இருக்கும், தட்ட வராது. கழிப்பறைப் பீச்சுக்குழாயைப் பின்பக்கத்திலிருந்து அடியுங்கள். முன்பக்கம் அடித்தால் கறை நூலுக்குள் இன்னும் ஆழமாக ஏறும். பின்னாலிருந்து அடித்தால் வந்த வழியே வெளியே போகும்.

மலத்தில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. முட்டை வெந்தால் எப்படிக் கெட்டியாகிறதோ, அப்படித்தான் புரதமும் கொதிநீரில் நூலோடு இறுகிக்கொள்ளும். அதனால்தான் முதல் அலசலுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்கிறேன். சென்னையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மே மாதக் கத்திரி வெயிலில் மதியம் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து வெந்நீர்தான் கொட்டும். நான் இரவே ஒரு வாளித் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிடுவேன். மறுநாள் முழுக்க முதல் அலசல் அதில்தான். மூடியை மறக்கவே கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தண்ணீர் வாளி உயிருக்கே ஆபத்து. குளியலறைக் கதவும் சாத்தியிருக்க வேண்டும்.

அலசியதும் கறை மேல் துணி சோப்பைத் தேய்த்து, இரண்டு கைக்கும் நடுவே மெதுவாகக் கசக்குங்கள். பழைய வேட்டியைக் கிழித்துச் செய்த துணியோ மல் துணி லங்கோடோ என்றால் கல்லில் கும்மினாலும் தாங்கும். தண்ணீர் புகாத பூச்சுள்ள மேலுறைக்குள் உறிஞ்சும் உள்துணியைச் செருகிக் கட்டும் பாக்கெட் டயப்பரில் பிரஷ் போடக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. பூச்சு உரிந்துவிட்டால் அப்புறம் அது ஒழுகத்தான் செய்யும்.

உடனே துவைக்க நேரம் இல்லையா? பரவாயில்லை. அலசிப் பிழிந்து, காற்று போகும் கூடையில் போட்டு வையுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டால் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு நாற்றம் எடுத்துவிடும். எப்படியும் இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீரைப் பாருங்கள்

ஒரே டிடர்ஜென்ட், ஒரே முறை. அம்மா வீட்டில் கறை போகிறது, உங்கள் வீட்டில் போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில், குறிப்பாகத் தெற்குப் புறநகர்களில், கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமும் கலந்தது. வாளி ஓரத்தில் வெள்ளைப் படிவம், நுரைக்கவே நுரைக்காத சோப்பு என்றால் உங்கள் வீட்டிலும் அதுதான். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து ஒரு பிசுக்காக மாறித் துணியிலேயே படிகின்றன. கறை அதற்குள் மாட்டிக்கொள்கிறது. துணி மொரமொரப்பாகி உறிஞ்சுவதும் குறைகிறது.

மெட்ரோ வாட்டர் வரும் வீட்டில் டயப்பருக்கு மட்டும் அதை ஒதுக்குங்கள். அது இல்லாதவர்கள் ஊறவைக்கும் தண்ணீரில் 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா சேர்க்கலாம். ஆப்ப சோடா வேறு, இது வேறு. மளிகைக் கடையில் துணி துவைக்கும் சோடா என்று கேட்டால் தருவார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. நான் ஒரு வாளியில் பிடித்து அன்றைக்கே ஊறவைக்கப் பயன்படுத்துகிறேன். சேர்த்து வைத்தால் கொசு வந்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பலர் துணிக்கு ஊற்றுகிறார்கள். வீடு துடைக்க அது சரி, டயப்பருக்கு வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து வருவது அந்தத் தண்ணீரில்தான்.

ஊறவைத்துத் துவைத்தல்

டிடர்ஜென்ட் வாங்கும்போது உறையில் என்சைம் உள்ளது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புரதத்தை உடைக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, மாவுச்சத்துக்கு ஒன்று என்று தனித்தனி என்சைம்கள் உண்டு. இவை வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 30 முதல் 50 டிகிரி வரை, நன்றாக வேலை செய்யும். கொதிநீர் அவற்றை அழித்துவிடும். முதல் அலசலில் நம்மைத் தொல்லை செய்த அந்த மாடித் தொட்டித் தண்ணீர் இங்கே வரமாகிறது. மதியம் இரண்டு மணிக்குக் குழாயில் வரும் சூடு என்சைமுக்குக் கச்சிதம்.

5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி டிடர்ஜென்ட் போட்டுக் கரைத்து, அலசிய துணிகளை 2 மணி நேரம் மூழ்க வையுங்கள். கறை கனமாக இருந்தால் 4 மணி நேரம். பாக்கெட் டயப்பரின் மேலுறையை உள்துணியிலிருந்து பிரித்துத் தனியாகத் துவைத்துவிடுங்கள், நீண்ட ஊறல் உள்துணிக்கு மட்டும் போதும்.

ஊறியதும் கையாலோ மெஷினிலோ துவைக்கலாம். மெஷினில் என்றால் 40 டிகிரி, கூடுதலாக ஒரு அலசல். பிள்ளைத் துணி ஆயிற்றே என்று டிடர்ஜென்டைக் குறைத்துப் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. போதிய அளவு போட்டுத் துவைத்து, நுரை முழுவதும் போகும்வரை அலசுவதே குழந்தைத் தோலுக்கு நல்லது.

வெயில்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். நம் ஊரில் கறை நீக்க இதைவிடச் சிறந்த பொருள் கடையில் கிடையாது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவதில் பெரும்பங்கு பிலிரூபினுக்கு. பெரியவர்களின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் பழுப்பு நிறப் பொருளாக மாற்றிவிடும், சின்னக் குழந்தைக்கு அந்த பாக்டீரியாக்கள் இன்னும் சரியாக அமைந்திருக்காது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் மருத்துவமனையில் நீல விளக்குக்கு அடியில் படுக்க வைக்கிறார்களே, அங்கேயும் அந்த ஒளி வேலை செய்வது இதே பிலிரூபின் மேல்தான். ஒளி பட்டால் அதன் அமைப்பு மாறிவிடும். துணியில் இருந்தாலும் அப்படித்தான், நிறம் தானாக வெளுத்துப்போகிறது. (துணிக்கு வெயில் போதும். குழந்தைக்குக் காமாலை என்றால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.)

துணி துவைப்பதைத் தமிழில் வெளுப்பது என்றும் சொல்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் நம் வண்ணாரப்பேட்டை. இந்த ஊர் வெயிலில் துணி வெளுப்பது அவ்வளவு பழைய வேலை.

எப்படிக் காயப்போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் கறை உள்பக்கம் போய்விடும், வெயில் அதைத் தொடவே தொடாது. கறை இருக்கும் பக்கம் சூரியனைப் பார்க்கும்படி அகல விரித்து, இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த துணியை விட ஈரத் துணியில் கறை வேகமாக வெளுக்கும். கோடையில் அரை மணியில் காய்ந்துவிடும், அதனால் ஒரு பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு கறை மேல் மட்டும் இரண்டு மூன்று முறை தெளித்துவிடுங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே போடுங்கள். மெதுவாகத்தான் வெளுக்கும், ஆனால் வெளுக்கும்.

பருத்தித் துணிகளுக்கு எந்த நேர வெயிலும் சரி. பூச்சு உள்ள மேலுறைக்கும் எலாஸ்டிக்குக்கும் காலை 8 முதல் 10 வரையுள்ள வெயில் போதும், கறையுள்ள உள்பக்கம் மேலே இருக்கட்டும். நடுமதிய வெயிலில் தினமும் கிடந்தால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

ஒரே நாளில் மாயமாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுக் கறை ஒரு காலையிலேயே போய்விடலாம். வெந்நீர் பட்டு இறுகிய கறைக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும், ஒவ்வொரு நாளும் நனைத்து மறுபடி வெயில். வெள்ளைப் பருத்தி என்றால் அரை மூடி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து கறை மேல் தொட்டு வைத்துக் காயவிடலாம், வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்புறம் நன்றாக அலசிவிட வேண்டும், சாறு துணியில் தங்கினால் குழந்தைக்கு எரியும். அச்சுப் போட்ட வண்ணத் துணிக்கு எலுமிச்சை வேண்டாம், நிறமும் சேர்ந்து போய்விடும்.

மாடியில் காக்கை எச்சமும் தூசியும் வரத்தான் செய்யும். எடுக்கும்போது ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்துவிட்டு மடியுங்கள்.

வெயிலுக்கும் அசையாத கறைக்கு

சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைப் பொடி ஆன்லைனில் கிடைக்கும். தண்ணீரில் கரைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சலவை சோடாவையும் வெளியிடும். ஆக்சிஜன் பிளீச் என்று விற்பதும் பெரும்பாலும் இதுதான். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, 2 மணி நேரம், அப்புறம் நல்ல அலசல். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரைத்த தண்ணீரை பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள், வாயு வந்து பாட்டில் வெடிக்கும். மாதம் ஒரு முறை, அதுவும் பருத்தி உள்துணிகளுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

பிளீச்சிங் பவுடரும் திரவ பிளீச்சும் வேறு சாதி. அவை குளோரின். நூலை நைய வைக்கும், பூச்சையும் எலாஸ்டிக்கையும் கெடுக்கும். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் துணி வெளுப்பதற்குப் பதில் துருப் பழுப்பாக மாறும். இதைவிட முக்கியம், சிறுநீர் ஊறிய துணியில் அம்மோனியா இருக்கும். அதன் மேல் குளோரின் பிளீச் ஊற்றினால் மூச்சைத் திணறவைக்கும் விஷவாயு உண்டாகும். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்போடு சேர்ந்தாலும் அப்படியே. சின்னக் குளியலறைக்குள் இந்த விளையாட்டே கூடாது.

சொட்டு நீலம் கறையை நீக்குவதில்லை, மஞ்சளின் மேல் நீலச் சாயலைப் பூசி வெள்ளையாகக் காட்டுகிறது. துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது நூலின் மேல் படலம் போல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு குணம்

பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் வரும் கரும்பச்சை மலம் தார் போல ஒட்டும். அந்த நாட்களுக்குப் பழைய வேட்டித் துணியே கட்டுங்கள். குழந்தையின் தோலில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் துடைப்பது சுலபம்.

மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வீட்டில் ஒரு தடவையாவது இது நடக்கும். துணியில் மஞ்சள் ஒட்டியிருக்கும், சோப்பு போட்டதும் அந்த இடம் ரத்தச் சிவப்பாக மாறும். என் அம்மா பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும் குணமுள்ளது, குங்குமம் செய்வதும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் வைத்துத்தானே. நன்றாக அலசினால் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பும். அந்த மஞ்சளுக்கும் வெயில்தான் மருந்து.

ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாடு தொடங்கியதும் கறைகள் பலவிதமாகும். பீட்ரூட் பயமுறுத்தும், ஆனால் குளிர்ந்த தண்ணீரிலேயே பெரும்பாலும் போய்விடும். கேரட், பப்பாளியின் ஆரஞ்சு நிறம் எண்ணெயில் கரைவது, அதனால் கறை மேல் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசுங்கள். கண்மைக்கும், அரிப்புக்குத் தடவும் வெள்ளைக் களிம்புக்கும் அதே பாத்திரத் திரவம்தான். வாழைக்கறை எல்லாவற்றையும் விடப் பொல்லாதது. மசித்த பழம் துணியில் பட்டதும் தெரியாது, காயக் காயக் கருத்துக்கொண்டே போகும். பட்ட கையோடு அலசினால் பிழைத்தீர்கள். காய்ந்துவிட்டால் பெர்கார்பனேட் ஊறல்தான்.

இரும்புச்சத்து மருந்து கொடுக்க ஆரம்பித்தால் மலம் கருக்கும், அது இயல்பு. மருந்து சிந்திப் பழுப்பேறிய இடத்தில் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து அரை மணி கழித்து அலசுங்கள். இந்தக் கறையில் பிளீச் பட்டால் அது நிரந்தரம்.

கறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். பிறந்த சில வாரங்களில் மலம் வெளிறி, சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ இருந்தால், அதிலும் காமாலை இரண்டு வாரம் கடந்தும் போகவில்லை என்றால், பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். துணியையும் கையோடு எடுத்துப் போகலாம். சிவப்பு ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான்.

மழைக்காலத்தில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் பல நாள் துணி காயவில்லை. அந்த மாதங்களில் கறை போக வேண்டும் என்ற கவலையை ஓரம் வைத்துவிட்டு, துணி காய வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள். பெரிய தடித்த உள்துணிக்குப் பதில் வேட்டித் துணியை மடித்து வைத்தால் மின்விசிறியின் கீழ் ஓர் இரவில் காய்ந்துவிடும். அரை ஈரத்தில் மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும், பூஞ்சைக் கரும்புள்ளி சுலபத்தில் போகாது. கறை இருக்கும் துணிக்கு இஸ்திரி போடாதீர்கள், அந்தச் சூடு கறையைப் பூட்டிவிடும். பொங்கல் முடிந்து வெயில் திரும்பியதும் மொத்தத்தையும் நனைத்து மாடியில் விரித்தால், மூன்று மாதக் கறையும் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்கும்போது

எல்லாவற்றையும் ஒரு தடவை நன்றாகத் துவைத்து, நுரை வராதவரை அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாமல் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். அந்துருண்டை மட்டும் போடவே போடாதீர்கள். அதில் நாப்தலின் இருக்கும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியைக் கட்டியதாலேயே ரத்த அணுக்கள் உடைந்து காமாலை முற்றியது உண்டு. நம் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்று பரிசோதனை செய்யாமல் தெரியாது. வேப்பிலையைச் சருகாகக் காயவைத்து, ஒரு துணியில் முடிந்து நடுவில் வைத்தால் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.